குறிப்பு: திமிர்

தாயில்பட்டியில் யாருக்காவது வலிப்பு நோயைப் பற்றிச் சந்தேகம் வந்தால், டாக்டரிடம் போவதற்கு முன் முனியராஜிடம் வந்துவிட்டுத்தான் போவார்கள். இப்படி ஊர் சொல்லவில்லை. முனியராஜ்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். மொத்தம் வந்தது ரெண்டு பேர். அதில் ஒருவர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவர். இப்போது அந்தப் பேச்சை எடுத்தால், "அந்தப் பயலப் பத்தி எங்கிட்டப் பேசாதீக, அவன் ஒரு முட்டாப்பய" என்று வேறு யாரையோ ஏசுகிற மாதிரி தன்னையே ஏசுகிறான். ஏசட்டும். ஏசுகிற அளவுக்குத்தான் வேலை பார்த்து வைத்திருந்தான்.

அவனுக்குப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லாட் சரக்கிலும் பத்து உருப்படி எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, எத்தனை வெடித்தது என்று படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தில் நாலு கட்டம். தேதி, லாட், வெடித்தது, குறிப்பு. பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. சத்தம் கேட்டால் வெடித்தது. சத்தம் இல்லாமல் புஸ்ஸென்று புகைந்து போனால் அது ஒன்றுமில்லை, காலால் தள்ளிவிட்டு அடுத்ததைக் கொளுத்த வேண்டியதுதான்.

அவன் பெண்டாட்டி வேலுத்தாயும் அதே கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு வந்த பொம்பளையைப் பட்டாசு ரூமுக்குள் வைத்திருக்க முடியாது என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அதில் தப்பு சொல்லவும் முடியாது. அதிலிருந்து அவள் வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிறாள். வெடிமருந்து கிடிமருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். உருட்டின குழாயை வாரத்துக்கு ஒருதரம் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும்.

விருதுநகரில் நரம்பு டாக்டர் ஒருவர், கற்பகவல்லி என்று பெயர், முதல் தடவை போனபோதே சொல்லிவிட்டார்: "எப்பெப்ப வருதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க." முனியராஜுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதுவதுதானே அவன் தொழில். கம்பெனியில் மிச்சமான படிவங்களைக் கேட்டு வாங்கினான். நூல் போட்டுத் தைத்து அட்டை ஒட்டினான். 'லாட்' என்ற கட்டத்தை என்ன செய்வதென்று ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, வீட்டில் வந்தால் 'வீடு' என்றும் வெளியில் வந்தால் 'வெளி' என்றும் போட்டுக்கொண்டான். 'வெடித்தது' என்பதை அடிக்கவில்லை. அடித்தால் படிவம் அசிங்கமாகிவிடும் பாருங்கள்.

வலிப்பு என்றால் என்ன என்பதிலும் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. ஆள் விழ வேண்டும். கைகால் இழுக்க வேண்டும். வாயில் நுரை தள்ள வேண்டும். மூன்றும் நடந்தால் 'வெடித்தது 1'. இல்லையென்றால் கட்டத்தில் கோடு. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு வழியாக விழுவது நின்றது. அதற்குப் பிறகு கோடு, கோடு, கோடுதான். ஒன்றே முக்கால் வருஷம் வரிசையாகக் கோடு விழுந்ததும் முனியராஜுக்குத் தலை கால் புரியவில்லை. என்னமோ அவனே மாத்திரை கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். "ரெண்டு வருசம் முழுசா ஒண்ணும் வரலைன்னா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பார்ப்போம். நல்லா இருந்தா வேலைக்குப் போக நானே எழுதித் தர்றேன்."

வேலுத்தாய் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு குழாய் உருட்டி உருட்டி அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. கம்பெனியில் நாலு பேர் பேசுவார்கள், சிரிப்பார்கள், சாப்பாட்டைப் பங்கு வைப்பார்கள். அதோடு அந்த மாத்திரை மேல் அவளுக்குக் கோபம். "இந்த மாத்திர ஆள மந்தமாக்கிருதுங்க. பால அடுப்புல வச்சுட்டு நிக்கேன், பாத்தா பொங்கி வழிஞ்சு கெடக்கு. எப்பப் பொங்குச்சுன்னே தெரியல. நாடகத்துல மாமியா அழுதுக்கிட்டு இருந்தா, அடுத்தாப்புல பாத்தா சிரிக்கா. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்பாள். "கொறைக்கச் சொல்லிருவோம்" என்பான் முனியராஜ். டாக்டர் முன்னால் அவள் வாயைத் திறக்குமுன் இவன் திறந்துவிடுவான். "ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, பூரா கோடுதான்." அவள் தலையாட்டிவிட்டு வருவாள்.

பக்கத்து வீடு அவன் அண்ணன் பெண்டாட்டி கருப்பம்மாள். ஒருநாள் அவள் வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, வேலுத்தாயி அடுப்படியில நிக்கா. பாலு பொங்கி அடுப்பு அணஞ்சு, கேசு வாட எங்க வீடு வரைக்கும் வருது. கூப்பிடுதேன், கூப்பிடுதேன், திரும்பல. வாயில வெத்தல போட்டவ மாதிரி மென்னுக்கிட்டு, சீலைய நோண்டிக்கிட்டு நிக்கா. நாந்தான் போய் அடுப்ப அடச்சேன். இது அந்த இழுப்பு நோயில சேந்ததா இருக்குமோ?"

"மதினி, எட்டு வருசமா வலிப்பு பாத்துக்கிட்டு இருக்கேன். வலிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது மாத்திர மயக்கம். போங்க."

அவள் போய்விட்டாள். அவள் கொஞ்ச நேரம் கழித்து வந்து அடுப்பை அடைத்திருந்தால் வீடே போயிருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் முனியராஜ் தன்னை ஏசுவதில்லை.

ரெண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கையில் டாக்டர் சொன்னார்: "மாத்திரையைக் குறைக்கிறதுக்கு முன்னால வீட்ல அவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும். கொஞ்சம் வித்தியாசமாத் தெரிஞ்சாக்கூட செல்லுல வீடியோ எடுத்துட்டு வாங்க."

வித்தியாசமாக எதுவுமே இல்லையே, எதை எடுப்பது? முனியராஜ் யோசித்தான். வெளியூர் ஆர்டருக்குச் சரக்குப் போகும்போது, சாம்பிள் வெடிப்பதை வீடியோ எடுத்து அனுப்புவது அவன்தான். படம் ஓடும்போதே பின்னால் அவன் குரல் விளக்கம் சொல்லும். ஒன்றும் இல்லை என்பதை அதே மாதிரி எடுத்துக் காட்டிவிட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேலுத்தாய் குழாய் உருட்டிக்கொண்டிருக்கையில் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எடுத்தான். படம் நல்ல தெளிவாக வந்திருந்தது. டீக்கடையில் எட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினான். எட்டுப் பேரும் நல்லாயிருக்கு என்றார்கள்.

ரெண்டு வருஷம் முடிந்து டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. வேலுத்தாய் நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். சாத்தூர் பாதையில் பஸ் போகும்போதே, லேபிள் ரூமில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். இவன் நோட்டையும் செல்லையும் மடியில் வைத்திருந்தான்.

"டாக்டரம்மா, ரெண்டு வருசம். பூரா கோடு. வீடியோவும் இருக்கு" என்று மேஜையில் வைத்தான். பரீட்சைப் பேப்பரை வாத்தியாரிடம் நீட்டுகிற பையனைப் போலத்தான் நின்றிருப்பான்.

டாக்டர் செல்லை மேஜையில் சாய்த்து வைத்துப் பார்த்தார். படத்தில் முனியராஜின் குரல் கம்பீரமாகப் புறப்பட்டது.

"தேதி பதினாலு. நேரம் சாயங்காலம் நாலரை. இது வேலுத்தாய். வயசு நாப்பத்தி ஒண்ணு. குழாய் உருட்டுறாக. ஒரு நிமிசத்துக்கு ஆறு உருப்படி."

"என்னங்க இது, செல்ல அங்கிட்டு வையிங்க" என்று படத்தில் வேலுத்தாய் சிரித்தாள். ஒரு குழாய். ரெண்டு குழாய். மூன்றாவது பாதியில் கை நின்றது. பார்வை எதிரே இருந்த சுவரில் போய் நின்றது. வாய் மெல்ல அசைந்து எதையோ மென்றது. வலது கை விரல்கள் சேலைக் கரையைப் பிடித்து நோண்டின, விட்டன, நோண்டின.

"பாருங்க டாக்டரம்மா," என்றது முனியராஜின் குரல், "எம்புட்டு அமைதியா இருக்கான்னு. ஏ வேலுத்தாயி, டாக்டரம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லு. ஏ புள்ள. பாத்தீகளா? வெக்கப்படுதா. அம்புட்டு அடக்கம். ஒரு கொற சொல்ல முடியாது."

மெல்லுவது நின்றது. வேலுத்தாய் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், அது எப்படிக் கைக்கு வந்தது என்பதுபோல. பிறகு உருட்ட ஆரம்பித்தாள். "என்ன கேட்டீக?" என்றாள். படம் முடிந்தது.

டாக்டர் திரும்பவும் போட்டார். இந்தத் தடவை குரலை அடைத்துவிட்டார். குரல் இல்லாமல் பார்க்கும்போதுதான் முனியராஜ் அவள் முகத்தைக் கவனித்தான். அந்த முகத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். வேலுத்தாய் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப எடுத்தீக? நான் இப்பிடி உக்காரவே இல்லயே" என்றாள்.

"முப்பத்தெட்டு செகண்டு," என்றார் டாக்டர். "இதுவும் வலிப்புதான். விழுந்து இழுக்கிறது மட்டும் வலிப்பு இல்ல. ஆள் உக்காந்த இடத்துலயே இருப்பாங்க, ஆனா அந்த நேரம் அங்க இருக்க மாட்டாங்க. அவங்களுக்கு வந்ததே தெரியாது, கூட இருக்கிறவங்கதான் பார்த்துச் சொல்லணும். இந்த மாதிரி எத்தனை வந்துருக்கும்?"

முனியராஜ் நோட்டை முன்னால் தள்ளினான். "நோட்டுல கோடுதான் டாக்டரம்மா" என்றான். அவனுக்கே கேட்கவில்லை.

டாக்டர் நோட்டை எடுத்துப் புரட்டினார். 'வெடித்தது' கட்டத்தில் கோடுதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதே. படிவத்தில் இருக்கிற கட்டத்தைச் சும்மா விடுகிற ஆளா அவன்? டாக்டர் வாசிக்கத் தொடங்கினார்.

"பன்னிரண்டு, மூணு. மூன்று தடவை கூப்பிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். திமிர்." பக்கத்தைத் திருப்பினார். "ரெண்டு, நாலு. குழம்பில் உப்பில்லை என்றேன். வாயை மென்று காட்டினாள். நக்கல்." இன்னொரு பக்கம். "பத்தொன்பது, அஞ்சு. என் அக்கா வந்தாள். வா என்று சொல்லாமல் சேலையைத் திருகிக்கொண்டு இருந்தாள். வீம்பு. நாலு நாள் பேச்சுவார்த்தை கிடையாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தையா என்று தெரியவில்லை.

"முனியராஜ், ரெண்டு வருசமா ஒண்ணு விடாம எழுதிருக்கீங்க. கட்டம்தான் மாறிப் போச்சு."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது அவனுக்கு. சாம்பிள் பார்க்கிறவனாம். அரை டாக்டராம். பட்டாசு அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க இருந்தானே! பொழுதெல்லாம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் திமிர் என்று எழுதியிருக்கிறான். அழகான கையெழுத்து வேறு.

"மாத்திரையைக் குறைக்க முடியாது, மாத்தணும். எவ்வளவு தரணும்னு பார்க்க எண்ணிக்கை வேணும். ரெண்டு பேரும் வெளிய உக்காந்து, இதுல எது வலிப்பு, எது சண்டைன்னு பிரிச்சுக் கொண்டாங்க. அடுத்த ஆளைப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்று பென்சில் ஒன்றைக் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலுத்தாய் கொஞ்ச நேரம் தலையில் வைத்த பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப கம்பெனி இல்ல" என்றாள்.

"இல்ல."

"ம்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். எட்டு வருஷத்தில் அந்த நோட்டை அவள் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. 'இது ஆஸ்பத்திரி விஷயம், உனக்கென்ன தெரியும்' என்று அவன்தான் பரணில் வைத்திருந்தான்.

"பூராத்தையும் வலிப்புன்னே போட்டுருவோம் வேலுத்தாயி. தப்பு எம்மேலதான்" என்றான் முனியராஜ். திடீரென்று பெருந்தன்மை பொங்கிவிட்டது.

"அதெப்படி? டாக்டரம்மா பிரிச்சுல்ல கேட்டாக. எனக்கு ஞாபகம் இருந்தா அது சண்ட. ஞாபகம் இல்லன்னா அது வலிப்பு. வாசிங்க."

யோசித்துப் பார்த்தால் டாக்டருக்குக்கூட அப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. அவன் வாசித்தான்.

"உப்பில்லைன்னு சொன்னது..."

"ஞாபகம் இருக்கு. வேணும்னேதான் மென்னு காட்டுனேன்."

"நெசமாவா?"

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு. சண்டன்னு போடுங்க."

"நான் வாங்கிட்டு வந்த சீலையப் பாத்துட்டுப் பேசாம இருந்தது?"

"ஞாபகம் இருக்கு. அந்தக் கலரப் பாத்தா யாருக்குத்தான் பேச்சு வரும்?"

பழம் சாப்பிட்ட ஆள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். இப்படியே பத்து, பதினொன்று சண்டையாகப் போனது. முனியராஜுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "ஒண்ணு ரெண்டையாவது வலிப்புல சேத்துக்கிடலாமே" என்று கேட்டுப் பார்த்தான்.

"என் கோவத்தையும் நோயில சேத்து எழுதிட்டீகன்னா, எனக்குன்னு அப்புறம் என்னதான் இருக்கு?" என்றாள் வேலுத்தாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் பென்சிலை எடுத்துச் சண்டை என்றே போட்டான்.

அக்கா வந்த பக்கம் வந்தது. அவள் யோசித்தாள்.

"ஒங்க அக்கா உக்காந்து காப்பி குடிச்சது தெரியும். வந்தது தெரியாதுங்க." விரலால் அந்த வரியைத் தடவினாள். "அந்த நாலு நாளும் நீங்க எதுக்குப் பேசலன்னே எனக்குத் தெரியாது. நோயாளிப் பொம்பளைன்னு வெறுத்துட்டீக போலன்னு நெனச்சேன். ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருன்னு எப்பச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே சோறு பொங்குனேன்."

முனியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வலிப்பு என்று போட்டான். பென்சில் முனை ஒடிந்தது. பழம் சாப்பிட்ட ஆள் பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

அதற்கப்புறம் வலிப்பு, வலிப்பு, வலிப்பு. எண்ணிப் பார்த்தபோது சண்டை பதினொன்று, வலிப்பு இருபத்திரண்டு. நோட்டை மூடினான்.

"ஒண்ண விட்டுட்டீக" என்றாள் வேலுத்தாய். "ரெண்டு தாளச் சேத்துத் திருப்புனீக. நான் பாத்தேன்."

"அதுல ஒண்ணும் இல்ல."

அவள் நோட்டைப் பிடுங்கித் திறந்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ஒன்பது, ஒன்பது. முக்கியமான விஷயம் ஒன்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. இனிமேல் சொல்வதில்லை." நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்னீக?"

"இப்ப எதுக்கு அது? வலிப்புன்னு போட்டுருவோம்."

"என்னன்னு தெரியாம எனக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு எப்பிடிச் சொல்ல? எண்ணிக்கை சரியா வேணும்னு சொல்லிருக்காகல்ல. சொல்லுங்க."

அன்றைக்கு நடந்தது இதுதான். சீசன் நேரம். ஒரு லாட்டில் திரி சரியில்லை. கொளுத்தின கையை எடுப்பதற்குள் முகத்துக்கு நேரே வெடித்துவிட்டது. புருவம் பொசுங்கினதோடு போயிற்று. கம்பெனியில் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒருதரம்கூடப் பேசாத மாதிரிப் பேசினான். பேசி முடித்துப் பார்த்தால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவன் எழுந்து போய் நோட்டை எடுத்து எழுதினான்.

இப்போது அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், சொல்வதற்கு முன்னால் அவள் வாயைப் பார்த்தான். மெல்லவில்லை. விரல்களைப் பார்த்தான். நோட்டைப் பிடித்தபடி இருந்தன. கண் அவனைத்தான் பார்த்தது. பழம் சாப்பிட்ட ஆள் எதற்கோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"வெடி மூஞ்சிக்கு முன்னால வெடிச்சிருச்சுன்னு சொன்னேன்," என்றான். "செத்தேன்னுதான் நெனச்சேன். அந்த நேரத்துல வேற எதுவும் தோணல. ராத்திரி மாத்திரைய உனக்கு யாரு எடுத்துக் குடுப்பாகன்னுதான் தோணுச்சு. எனக்கு ஒண்ணுன்னா நீ தனியாக் கெடந்து என்ன பாடுபடுவியோன்னு. நீ இல்லன்னா எனக்கும் ஒண்ணும் கெடையாது புள்ளன்னு சொன்னேன். அம்புட்டுதான்."

வேலுத்தாய் பேசவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செகண்டு. ரெண்டு. மூன்று. முனியராஜ் மறுபடியும் அவள் வாயைப் பார்த்தான். அவள் தோளைத் தொட்டான்.

"ஏ வேலுத்தாயி. ஏ புள்ள!"

"இருங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல. வலிப்புன்னு போட்டுட்டு, இன்னொருக்காச் சொல்லுங்க."